சாஞ்சித் தோரணமும் சிற்பியின் பெயரும்

மங்கல நாள்களில் வாயிலில் மாவிலையும் தென்னோலையும் கொண்டு தோரணம் கட்டுதல் நம்மூர்ச் சிறுவரும் அறிந்த வழக்கு. ஒரு நாளில் வாடும் அத்தோரணம் கல்லில் நிலைபெற்று ஈராயிரம் ஆண்டு கடந்து நிற்றலை மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சியிற் காணலாம். அங்குள்ள பெருந்தூபியின் நாற்றிசையிலும், சாதவாகனர் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் எழுந்த கல்வாயில்கள் நான்கு உள. அவற்றின் சிறப்பு யாதென ஈண்டு ஆராய்வாம்.

இரு சதுரத் தூண்கள். அவற்றின்மேல் நுனி சுருண்ட மூன்று உத்தரங்கள். உயரம் ஏறக்குறைய 34 அடி. இவ்வமைப்பு தச்சனுடையது. நீண்ட உத்தரமாதற்கு மரம் ஏற்றது. கல்லோ நடுவில் முறியும் இயல்பினது. ஆதலின், கல்லின் இயல்பறியாது மரவேலையைக் கல்லிற் செய்தனர் எனக் குறை கூறுவாரும் உளராகலாம். அது பொருந்தாது. வாயில் என்றால் மக்கள் அறிந்த வடிவம் மரவாயிலே. பழகிய வடிவைக் கண்டோர் அச்சமின்றி உட்புகுவர். தச்சனின் நினைவைக் கல் காத்தது என்பதே நேர்மையான மதிப்பீடு.

செதுக்கலின் உச்சம் கிழக்கு வாயிலின் நடு உத்தரமாகும். சித்தார்த்தர் நகர் துறந்து செல்லும் காட்சி அது. ஆயினும் சித்தார்த்தரின் உருவம் அங்கில்லை. குதிரை மீண்டும் மீண்டும் செல்கின்றது. அதன் வெறும் முதுகின்மேற் குடை பிடிக்கப்படுகின்றது. இறுதியிற் குடை பாதச்சுவடுகளின்மேல் நிற்க, குதிரை குடையின்றித் திரும்புகின்றது. துறவின் பெருமையும் பிரிவின் துயரும் ஒரு குடையின் இடமாற்றத்தால் விளங்குகின்றன. காட்டாது உணர்த்தும் இத்திறன் எல்லாக் கலைக்கும் பாடமாகும்.

சீனத்து நினைவு வாயில்களுக்கும் இந்தியத் தோரணத்திற்கும் உறவு காண்பர் அறிஞர் சிலர். அங்கும் கல், மரவேலையைப் பின்பற்றுகின்றது. அன்ஹுய் மாகாணத்துச் சே மாவட்டத்தில் 1584இல் மிங் பேரரசின் அமைச்சர் சூ குவோ பொருட்டு எழுந்த வாயில் எட்டுத் தூண்களை உடையது. அருகிலுள்ள தாங்யுவே ஊரில் ஏழு வாயில்கள் வரிசையாய் நிற்கின்றன. அரசுக்கு உண்மையாய் இருந்தோரையும், பெற்றோரைப் பேணினோரையும், மறுமணமின்றி வாழ்ந்த கைம்பெண்டிரையும் அவை போற்றுகின்றன. அங்கே பெயர் பெறுவோர் போற்றப்பட்டோர்.

சாஞ்சியிலோ நிலை வேறு. தென்வாயிலின் மேலுத்தரம் வாசிட்டியின் மகன் ஆனந்தனது கொடை. அவன் சாதகர்ணி மன்னனின் கைவினைஞர் தலைவன். அவ்வாயிலின் தூணொன்றில் விதிசை நகரத்துத் தந்தவேலையாளர் தாமே செதுக்கியதைப் பொறித்துளர். வணிகரும், துறவியரும், இல்லறப் பெண்டிரும் அளித்த கொடைகளும் அத்தூபியெங்கும் நூற்றுக்கணக்கிற் பொறிக்கப்பட்டுள. மன்னன் பெயர், தொழிலாளியின் பெயருக்கு அடைமொழியாய் அமைதல் வியத்தற்குரியது.

நம் நிலையை நோக்குவாம். வழிப்போக்கர் இளைப்பாறக் கூரையோடு அமைந்த சங்கடப்படலைகள் நம் முன்னோரின் அறவுணர்வுக்குச் சான்று. அவற்றை இழைத்த தச்சர் யாவர்? இன்று ஊர்தோறும் எழும் சீமெந்து வளைவுகளிற் கொடையாளர் பெயர் பெரிதாய் மிளிர்கின்றது. கொத்தர் பெயரோ மூலையிலும் இல்லை. கொடுத்தவரை மறத்தல் நன்றியின்மை எனின், செய்தவரை மறத்தலும் அஃதே. இனி வாயில் எடுப்போர், தூணின் அடியிலேனும் ஒரு வரி அவர்க்கு ஒதுக்குவாராக.