இன்டரப்டுக்கு உரிய இடம்

ஆர்டுயினோ ஊனோவில் நிரல் எழுதுவோரிடையே ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது: எல்லாவற்றையும் முக்கிய லூப்பில் சுற்றிச் சுற்றிச் சோதிப்பது கற்றுக்குட்டி வேலை, இன்டரப்ட் வைத்து எழுதுவதே தேர்ந்தவர் வேலை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

லூப்பை முடக்குவது பெரும்பாலும் அதற்குள் எழுதப்படும் 'டிலே'தான். அதை நீக்கிவிட்டு, மில்லிஸ் காட்டும் நேரத்திலிருந்து அந்த வேலை கடைசியாக நடந்த நேரத்தைக் கழித்துப் பார்த்தால், விளக்கு, வெப்பமானி, திரை மூன்றும் ஒரே லூப்பில் தடையின்றி ஓடும். சுமார் 49.7 நாளில் மில்லிஸ் சுழியத்துக்குத் திரும்பும். குறியற்ற எண்ணாகக் கழித்தால் அப்போதும் விடை பிசகாது. பொத்தானுக்கும் இதுவே போதும். விரல் அழுத்தம் பல பத்து மில்லிநொடி நீடிக்கும். இன்டரப்ட் வைத்தாலோ தொடுமுனையின் துள்ளல்கள்கூடத் தனித்தனி அழுத்தங்களாகப் பதிவாகும்.

மோட்டாரில் பொருத்திய என்கோடரின் கதை வேறு. சுற்றுக்கு 600 துடிப்பு, நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் 100 மைக்ரோநொடிக்கு ஒரு துடிப்பு வரும். ஒரேயொரு அனலாக்ரீட் அழைப்புக்கே ஏறத்தாழ அவ்வளவு நேரமாகும். இங்கே லூப் தோற்கிறது. எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் டைமர்1 வெளித்துடிப்புகளைத் தானே எண்ணிக்கொள்ளும். திசையும் வேண்டுமென்றால் இன்டரப்ட் தேவை.

அதற்கு விலை உண்டு. ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி 8 பிட் சிப். 16 பிட் எண்ணை அது இரண்டு துண்டாகத்தான் படிக்கும். நடுவே இன்டரப்ட் புகுந்து 255-ஐ 256 ஆக்கினால், லூப் 511 என்று படித்துவிடலாம். அந்த மாறியை வாலடைல் என்று அறிவிப்பது இதைத் தடுக்காது. படிக்கும் கணத்தில் இன்டரப்டை நிறுத்திவைக்க வேண்டும். இன்னொரு விலையும் உண்டு: மில்லிஸை ஓட்டும் டைமர்0, 1.024 மில்லிநொடிக்கு ஒருமுறை நிரம்புகிறது. அப்படி நிரம்பியதைக் குறித்துவைக்க ஒரே ஒரு கொடிதான் உண்டு. இன்டரப்ட் நிரலுக்குள் 3 மில்லிநொடி தங்கினால் ஒன்றோ இரண்டோ நிரம்பல்கள் தொலையும். கடிகாரம் சத்தமில்லாமல் பின்தங்கும்.

எனவே என் முடிவு: லூப்பின் மிக நீண்ட சுற்றை மைக்ரோஸ் கொண்டு அளக்க வேண்டும். பிடிக்க வேண்டிய நிகழ்வு அதைவிட நீண்டு நின்றால் லூப்பே போதும், அதுவே மேல். அதைவிடக் குறுகியதென்றால், வன்பொருளே எண்ணித் தர முடியாதபோது மட்டும் இன்டரப்ட். அதற்குள்ளும் எண்ணுவது, கொடி தூக்குவது தவிர வேறு வேலை கூடாது. இந்த அளவை எடுக்காமல் இன்டரப்ட் வைப்பவர், எப்போதோ ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழையைத் தம் நிரலுக்குள் தாமே விதைக்கிறார்.