திளாப்பு போட்ட கால்கள்

பங்குனியில் ஒரு விடியற்காலை கருங்கல் ஊருக்குப் பக்கத்துப் பனைவிளை ஒன்றில் போய் நின்றால், குமரி மாவட்டத்தின் மிகப் பழைய ஏற்றக் கலையை இன்னமும் பார்க்கலாம். புதிதாய் வருகிறவர்கள் அண்ணாந்து கொண்டையைப் பார்ப்பார்கள். தலை சுற்றும், ஏறியவர் இறங்கி வந்தபின் பெருமூச்சு விடுவார்கள். விவரம் தெரிந்த கிழவர்களின் கண் ஏறுகிறவரின் பாதத்தில் இருக்கும்.

இரண்டு பாதங்களையும் பிணைக்கும் நார் வளையம்தான் திளாப்பு. உள்ளங்கால்கள் மரத்தை இரு பக்கமும் கவ்வ, வளையம் அவற்றை விலகவிடாமல் பிடிக்கும். கைகள் மேலே போய் அணைக்கும், இடுப்பு மடங்கும், கால்கள் ஒன்றாய் எழுந்து மறுபடி கவ்வும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் பனையின் அடிமரம் தூர் பெருத்தது, கைக்குள் அடங்காது. அதற்காகவே முருக்குத்தடி. எடை குறைந்த முருக்க மரத்தில் கவடு விட்டு வெட்டிய தடியைச் சாய்த்து, முதல் சில அடிகளை அதில் மிதித்து ஏறுவார்கள். தடி சாய்ந்திருந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று ஊருக்கும் விளங்கும்.

கற்றுக்குட்டி மரத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வான். பயம் அப்படித்தான் சொல்லும். "ஒட்டாத மக்கா, வெலகி நில்லு" என்று கீழிருந்து குரல் வரும். தேர்ந்தவரின் நெஞ்சுக்கும் மரத்துக்கும் நடுவே காற்றுப் புகும். உடலின் பாரம் கையை விட்டுக் காலில் இறங்கியிருக்கும். மூச்சும் கால் எழும்புவதும் ஒரே தாளத்தில் போகும். பாதி மரத்தில் நின்று இளைப்பாறுகிறவரை எனக்கு அவ்வளவாய்ப் பிடிப்பதில்லை. கடைசி மரத்திலும் முதல் மரத்தின் வேகமே இருக்க வேண்டும். முப்பது மரம், காலையும் மாலையும், மரத்துக்குப் பதினைந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 900 மீட்டர் ஏற்றம். பத்து நாளில் எவரெஸ்டின் 8,849 மீட்டரைத் தாண்டியாயிற்று. கணக்கு சரிதான். ஆனால் இதைச் சொல்லிக் கைதட்டுவது, நாதஸ்வரக்காரர் எத்தனை நிமிடம் மூச்சுப் பிடித்தார் என்று கடிகாரம் பார்ப்பதுபோல. ஏற்றம் பாதி வேலைகூட இல்லை.

மேலே போனபின்தான் கை பேச வேண்டும். மட்டைகளுக்கு நடுவே உடலைச் செருகிக்கொண்டு, இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டியிலிருந்து பாளையருவாளை எடுக்க வேண்டும். கடிப்பு என்ற கருவியால் பல நாள் நசுக்கிப் பக்குவப்படுத்திய பாளையின் நுனியில் ஒரு சீவல். தடித்துச் சீவினால் பாளை வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். போதாமல் சீவினால் பழைய காயம் அடைத்துக்கொண்டு சொட்டு நிற்கும். நிறைந்த கலயத்தை எடுத்து, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் அக்கானி என்னும் பதநீர், இல்லாவிட்டால் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் சுண்ணாம்பு இப்போது சட்டமும்கூட.

ஏறியவரின் தரத்தை எடைபோடும் நடுவர் அடுப்படியில் இருக்கிறார். பெரும்பாலும் மனைவி. வெயில் ஏறும் முன் இறங்காத அக்கானி புளிக்கத் தொடங்கிவிடும். புளித்ததைக் காய்ச்சினால் பாகு இளகியே கிடக்கும், சிரட்டையில் ஊற்றினாலும் கட்டியாகாது. சுண்ணாம்பு கூடினால் நாக்கு சொல்லிவிடும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் அக்கானி வேண்டும். சருகும் காய்ந்த மட்டையும் எரித்து, புகையில் கண் கரிக்க மணிக்கணக்காய் நின்று கிண்டுகிற அந்தப் பெண்ணுக்கு, இன்று மரத்தில் நேரம் தவறியதா, கலயம் சரியாய்க் கழுவப்படவில்லையா என்பது பாகின் நிறத்திலேயே தெரியும். இந்தக் கலையின் விமரிசகர்கள் அவர்கள்தான். கருப்பட்டிக் காப்பியை ருசித்துக் குடிக்கிற நம் போன்றவர்கள் கடைசி வரிசைப் பார்வையாளர்கள்.

மலையேற்றத்துக்கும் விமரிசகர்கள் உண்டு. லண்டனில் 1857இல் ஆல்பைன் கிளப் தொடங்கியது. மலையேற்றத்துக்கென்று உலகில் எழுந்த முதல் கழகம் அது. 1928இல் இந்தியாவில் இமாலயன் கிளப். இவை செய்த பெரிய காரியம் கயிறு கொடுத்ததல்ல. ஏறியவனை ஏறியவனே உட்கார்ந்து விசாரிக்கும் ஒரு கூடத்தைக் கொடுத்தன. எந்த வழியில் போனாய், எவ்வளவு சுமையோடு போனாய் என்று கேட்க ஆளிருந்ததால்தான் மலையேற்றத்தில் பாணி என்ற ஒன்று உருவானது. பனைக்கும் இப்படி ஒரு கூடம் இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, அவ்வளவுதான். அடுத்தடுத்த மரத்துக் கொண்டைகளிலிருந்து ஊர் நியாயம் பேசிக்கொள்வார்கள். முதலில் ஓலை வெட்ட, பிறகு நுங்கு வெட்ட, அதன்பின்பே பாளையைத் தொட என்று பையன்களுக்குப் படிகள் உண்டு. விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓட வர்ம ஆசான் வீடு இருந்தது.

அரசுகளும் இந்த ஏற்றத்தைக் கவனித்தன, வேறு கண்ணோடு. வேணாட்டு அய்யனடிகள் 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேட்டில், விலக்களிக்கப்பட்ட வரிகளின் வரிசையில் தளைக்காணம், ஏணிக்காணம் என்று இரண்டு வருகின்றன. தளை என்பது ஏறுகிறவன் காலில் மாட்டும் வளையம். திளாப்புக்கு வரி! பள்ளிக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்றால் மற்ற இடங்களில் தண்டினார்கள் என்றுதானே பொருள். மலையேறுபவனின் கயிற்றுக்கு வரி போட்ட தேசம் ஏதாவது உண்டா, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வரி போயிற்று, இளக்காரம் போகவில்லை. டென்சிங் 1953இல் எவரெஸ்டில் நின்றார்; அடுத்த ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் எழுந்தது, சுமை தூக்கிப் பழகிய ஷெர்பா அங்கே களப்பயிற்சிக்குத் தலைவரானார். நம் ஊரிலோ பனையேறி என்ற சொல்லையே வசவாகப் பயன்படுத்தினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்து மரத்திலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று அப்பன்மார் பிடிவாதமாய் நின்றதில் என்ன தப்பு? அவர்களைக் குறை சொல்லிவிட்டுக் கலை அழிகிறது என்று அழுகிறவர்களோடு எனக்கு ஒட்டுறவு இல்லை.

மார்த்தாண்டத்தில் 1970களில் உருவான பனைத் தொழிலாளர் மேம்பாட்டுச் சங்கம், பனையேறிகளை ஒரு கூட்டமாகக் கண்டு அமைப்பாக்கப் பார்த்தது. பின்னால் போதகர் காட்சன் சாமுவேல், 2016இல் மும்பையிலிருந்து நாகர்கோவில் வரை மோட்டார் சைக்கிளில் பனைகளைத் தேடி வந்து, அந்தப் பயணத்தைப் 'பனைமரச் சாலை' என்று எழுதினார். அண்ணாந்து பார்க்கிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டியதே அந்த எழுத்தின் பலன் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டின் 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றது. மரம் நிற்கும், சரி. ஏற ஆள்?

இந்த இடத்தில் தெலங்கானாவைப் பார்க்கலாம். அங்கே திளாப்பு தவிர, மோகு என்று இடுப்பையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றும் கயிறும் உண்டு. அப்படியும் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் ஏராளம். 2024இல் அந்த அரசு காடமய்ய ரட்சண கவசம் என்ற பெயரில் கள் இறக்குகிறவர்களுக்குப் பாதுகாப்புத் தொகுப்பு வழங்கத் தொடங்கியது. அதிலுள்ள பட்டையும் கயிறும் கொக்கியும் மலையேற்றக்காரர்களின் கைச்சரக்கு. மலைக் கழகமும் பனைமரமும் ஒருவழியாய்ச் சந்தித்துவிட்டன.

பட்டை கட்டி ஏறினால் தாளம் கெடும், அழகு போகும் என்று முணுமுணுக்கிற ரசிகர்கள் வருவார்கள். எனக்கும் அந்த ஆசை உள்ளே உண்டு. ஆனால் மலையேறிகள் மெஸ்னரும் ஹேபலரும் 1978இல் ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்ட் ஏறியது, உருளை கையெட்டும் தூரத்தில் இருந்தும் வேண்டாமென்று விட்டதால் பாணி ஆயிற்று. நம் பனையேறி கயிற்றை வேண்டாமென்று சொன்னவரில்லை. அவரிடம் யாரும் நீட்டவே இல்லை. முதலில் பட்டை வரட்டும். கட்டிப் பழகும்வரை வேகம் குறையும், முப்பது மரம் இருபதாகும். விழுவோம் என்ற பயமில்லாத கை பாளையை எப்படிச் சீவுகிறது என்பதை அடுப்படியில் நிற்பவர் ஒரு பருவத்துக்குள் சொல்லிவிடுவார்.