எஸ்க்யூஎல் பரம்பரைகளும் பொது இலக்கணமும்

தகவல் டிஸ்கில் எங்கே கிடக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை, என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். ரிலேஷனல் டேட்டாபேஸ்கள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

அதைச் செய்து காட்டியவை கலிஃபோர்னியாவின் இரண்டு பரம்பரைகள். சான் ஹோசே ஐபிஎம் ஆய்வகத்தின் சிஸ்டம் ஆர், சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் வடித்த எஸ்க்யூஎல் கேள்வி மொழியைத் தந்தது. அதன் ஆய்வுக் கட்டுரைகளை வைத்தே ஆரக்கிள் 1979-இல் ஐபிஎம்மை முந்திக்கொண்டு சந்தைக்கு வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இங்கிரெஸ் பேசிய க்யூவெல் மொழி வழக்கொழிந்தது. ஆனால் இங்கிரெஸ்ஸை வழிநடத்திய ஸ்டோன்பிரேக்கரின் போஸ்ட்கிரெஸ் வழியாக அந்தப் பரம்பரை இன்றும் செழிக்கிறது. சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன், ஐபிஎம் சகாக்களோடு 1992-இல் வெளியிட்ட ஏரீஸ் முறையை இங்கே பெருமையோடு சொல்ல வேண்டும். பாதியில் நின்றுபோன வேலையை லாக் எனும் மாற்றக் குறிப்பேட்டைக் கொண்டு சரிசெய்வதற்கு அதுவே முன்மாதிரி.

1986-இல் எஸ்க்யூஎல்லுக்கு அமெரிக்கத் தரம் வந்தது, மறு ஆண்டே உலகத் தரமும். ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம். கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று செக் விதி எழுதினால், மைஎஸ்க்யூஎல் முன்பெல்லாம் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். 2019-இல் வந்த 8.0.16 பதிப்பிலிருந்துதான் அமல்படுத்துகிறது. எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ காவலை வழக்கமாக ஒவ்வொரு இணைப்பிலும் நாமே இயக்க வேண்டும். ஆகவே விதி எழுதியதும், அதை மீறும் ஒரு பதிவைப் போட்டுப் பார்ப்பதே என் முதல் பாடம்.

மதிப்பு இல்லை அல்லது தெரியாது என்பதைக் குறிக்கும் 'நல்' இன்னும் ஆபத்தானது. பணம் கட்டாதவர்கள் யார் என்று 'நாட் இன்' போட்டுக் கேட்கிறோம். ரசீது டேபிளில் ஒரே ஒரு வாடிக்கையாளர் எண் 'நல்' ஆக இருந்தாலும் பட்டியல் காலியாக வரும், பிழைச் செய்தியும் வராது. 'நல்' உடன் ஒப்பிட்டால் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதுங்கள்.

பரம்பரைகள் அதிகம் முரண்படுவது, பலர் ஒரே நேரத்தில் எழுதும்போது. 1992-இன் தரம் நான்கு தனிமை (ஐசொலேஷன்) நிலைகளை வகுத்தது. அந்த வரையறைகள் தெளிவாக இல்லை என்று 1995-இல் ஒரு கட்டுரை நிறுவியது. 'ரிபீட்டபிள் ரீட்' என்ற ஒரே பெயர் மைஎஸ்க்யூஎல்லில் ஒன்றும் போஸ்ட்கிரெஸ்ஸில் வேறொன்றும் செய்கிறது. பேருந்தில் ஒரே இருக்கை மிச்சம். இரண்டு கவுண்டர்கள் '1' என்று படித்து, இரண்டும் '0' என்று எழுதினால் ஓர் இருக்கைக்கு இரண்டு டிக்கெட். படிப்பதையும் எழுதுவதையும் பிரிக்காமல், 'மிச்சம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்று குறை' என்று ஒரே அப்டேட்டில் சொல்லி, எத்தனை பதிவு மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் இருக்கை போய்விட்டது. பெரிய டேட்டாபேஸ்கள் எல்லாவற்றிலும் இது நிற்கும்.

இண்டெக்ஸ் பற்றித் தரநூல் வாயே திறப்பதில்லை. அது முழுக்க அந்தந்த வீட்டு வித்தை. ஊர், தேதி என்ற வரிசையில் கட்டிய இண்டெக்ஸ், தேதியை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் கைகொடுக்காது. பத்துப் பதிவு உள்ள சோதனை டேபிளில் ஆப்டிமைசர் பல நேரங்களில் இண்டெக்ஸைச் சீண்டாது. நிஜ அளவுக்குத் தரவை ஏற்றிய பிறகே, தேடும் வழியைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பார்க்க வேண்டும்.