சிலந்தியா, பல்லியா? நீதிமொழிகளின் சிற்றுயிர்களும் ஆற்காட்டு வாசிப்புச் சூழலும்

முன்னுரை

பழைய ஏற்பாட்டின் நீதிமொழிகள் நூலில் (30:24-28) நான்கு சிற்றுயிர்கள் ஞானம் மிக்கவையாகச் சுட்டப்படுகின்றன. எறும்பு கோடையில் உணவு சேர்க்கிறது. குழிமுசல் பாறையில் வீடமைக்கிறது. வெட்டுக்கிளி அரசனின்றியே அணிவகுக்கிறது. நான்காம் உயிர் அரண்மனையில் வாழ்கிறது. முதல் மூன்றிலிருந்தும் முன்னேற்பாடு, அடைக்கலம், ஒற்றுமை ஆகிய பாடங்கள் பெறப்படுவது வழக்கம். நான்காம் உயிர் எது என்பதில் தமிழ்ப் பெயர்ப்புகள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு பாடத்தின் பொருளை மாற்றும் விதத்தை ஆற்காட்டுப் பகுதியின் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர்ப்புச் சிக்கல்

எபிரேய மூலத்தின் 'செமாமித்' என்னும் சொல் விவிலியத்தில் இங்கு மட்டுமே வருகிறது. கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பும் இலத்தீன் வுல்காத்தாவும் அதனைப் பல்லியினமாகக் கொண்டன. லூத்தரின் ஜெர்மன் பெயர்ப்பும் 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பும் சிலந்தியாகக் கொண்டன. தமிழ்ப் பழைய திருப்புதல் சிலந்தி என்பதோடு வலை பின்னுதலையும் சேர்க்கிறது. மூலத்தில் வலை இல்லை. கையும் பற்றுதலுமே உள்ளன. அவ்வினை வடிவம் 'அது பற்றுகிறது' எனவும் 'நீ பற்றலாம்' எனவும் பொருள்பட இடந்தருகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இரண்டாம் பொருளை ஏற்று, கையால் பிடிக்கத்தக்க பல்லி எனப் பெயர்க்கிறது. சிலந்தி உழைத்து உயர்கிறது. பல்லியோ எளிதில் பிடிபடும் நிலையிலும் அரண்மனையில் இருக்கிறது. முன்னது உழைப்பின் பயன். பின்னது தகுதி கேளாத இருப்பு.

தொன்மப் பின்புலம்

ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவியபோது, சிலந்தி வழிபட்ட தலமாகிய காளத்தி வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோதே அது பிரிந்தது. திருவானைக்காவில் இறைவனுக்கு நூற்பந்தரிட்ட சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. வலை பின்னி அரண்மனை சேர்ந்த சிலந்தி என்னும் தொடர், இம்மரபை அறிந்தோர்க்குத் தொண்டின் பயனாகவே ஒலிக்கக்கூடும். பல்லிக்கும் இங்கு மரபுண்டு: சங்கப் பாடல்களில் அது நிமித்தம் கூறுகிறது, காஞ்சி வரதராசர் கோயிலில் பொற்பல்லியைப் பக்தர்கள் கையால் தொட்டு வணங்குகின்றனர். எனினும் இவ்வணக்கம் பல்லியின் உழைப்பை முன்னிட்டதன்று.

தூய்மையும் ஞானமும்

எபிரேய மூலம் எறும்பையும் குழிமுசலையும் வலிமையற்ற 'மக்கள்' என்றே அழைக்கிறது. பழைய திருப்புதல் அதனை உயிரினம் என்னும் பொருளில் பெயர்த்ததால் இச்சாயல் மறைந்தது. மேலும், லேவியராகமம் குழிமுசலையும் (11:5) பல்லியினங்கள் சிலவற்றையும் (11:30) தூய்மையற்றவை என விலக்குகிறது. அங்கு விலக்கப்பட்ட குழிமுசலே இங்கு ஞானத்தின் சான்றாகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் வாழ்வாதாரமாகிய தோல் தொழில், சாதியமைப்பில் தீட்டுக்குரியதாகக் கருதப்பட்டது. அத்தொழிலாளரை நோக்கி உழைத்தால் உயரலாம் என்று மட்டும் கூறுவது, உழைத்தும் இழிவு நீங்காத அவர்தம் வரலாற்றை மறைக்கிறது. தீட்டு என்னும் தீர்ப்பே இறுதியானதன்று என்னும் பொருளையோ இப்பகுதி தன்னகத்தே கொண்டுள்ளது. பேதுரு யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கிய செய்தியும் (அப். 9:43) இதனோடு இணைத்து நோக்கத்தக்கது.

முடிவுரை

நான்காம் உயிரைச் சிலந்தியாகக் கொண்டால் இப்பகுதி உழைப்பறத்தில் முடிகிறது. பல்லியாகக் கொண்டால் எளியோர்க்குரிய இடத்தில் முடிகிறது. வலிமையற்றவற்றையே வரிசைப்படுத்தும் பாடலின் போக்கிற்குப் பின்னதே பொருந்துகிறது. சிற்றுயிர்வழி அறம் உரைப்போர், அவ்வறம் மூலத்திற்குரியதா, பெயர்ப்பில் சேர்ந்ததா எனப் பிரித்தறிதல் வேண்டும்.