நகரம் தோற்கிறது, சிற்றூர் ஜெயிக்கிறது

சாஸ்கட்டூன் பிளேட்ஸ் அணிக்கு 2024 மாதிரி ஒரு வாய்ப்பு இனி எப்போது அமையுமோ தெரியாது. கனடாவின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்குகளில் ஒன்றான வெஸ்டர்ன் ஹாக்கி லீக்கில், கிழக்குப் பிரிவில் முதலிடம். சுமார் 15,000 பேர் அமரும் சொந்த அரங்கம். பின்னால் 2.6 லட்சம் மக்கள் கொண்ட நகரம். எதிரே மூஸ் ஜா வாரியர்ஸ். அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே 34,000-ஐ ஒட்டித்தான். பிரிவின் இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம்வரை இழுத்து, அதுவும் கூடுதல் நேரத்துக்குப் போய், கடைசியில் ஜெயித்தது மூஸ் ஜா. அடுத்து போர்ட்லாந்தை நான்கு ஆட்டங்களிலும் தோற்கடித்துக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியது. 1984-இல் மூஸ் ஜாவுக்குக் குடிவந்த அணி அது. நாற்பது ஆண்டுகளில் முதல் பட்டம். 1966-இல் லீக் பிறந்த நாள்தொட்டு ஆடிவரும் பிளேட்ஸுக்கு அந்த ஒரு பட்டமும் இன்னும் இல்லை.

ஒரு தொடரின் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். ஆனால் முன்னும் பின்னும் பார்த்தால் அப்படித் தள்ள முடியவில்லை. 2018-இல் பட்டம் வென்றது ஸ்விஃப்ட் கரன்ட். 2019-இல் பிரின்ஸ் ஆல்பர்ட். கொரோனாவால் 2020, 2021 இரண்டிலும் பட்டமே கிடையாது. 2018 முதல் 2025 வரை வழங்கப்பட்ட ஆறு பட்டங்களில் மூன்று, சஸ்காச்சுவான் மாகாணத்தின் சிற்றூர்களுக்குப் போயிருக்கின்றன. நான்காவதை 2025-இல் எடுத்துக்கொண்டது ஆல்பர்ட்டாவின் மெடிசின் ஹாட். அதுவும் பெரிய நகரம் அல்ல. எட்மன்டன் 2022-இல் வென்றது, 2023 அமெரிக்காவின் சியாட்டிலுக்கு. எட்மன்டன் ஆயில் கிங்ஸ் அணியின் உரிமை, வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் ஆடும் ஆயிலர்ஸ் நிறுவனத்திடம் இருப்பதால் அதைச் சிற்றூர்க் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் அதே மாதிரி என்.எச்.எல். ஃபிளேம்ஸ் கையில் இருக்கும் கால்கரி ஹிட்மென் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. சஸ்காச்சுவானின் தலைநகரான ரெஜைனாவும் இல்லை.

தொலைக்காட்சியில் என்.எச்.எல். மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா ஆகிய மூன்றும் கனடாவின் பிரெய்ரி மாகாணங்கள். கோதுமை வயல், நேர்கோட்டு நெடுஞ்சாலை, குளிர்காலத்தில் மைனஸ் முப்பதைத் தொடும் வெப்பநிலை. இந்தச் சமவெளிக்கு என்.எச்.எல்.லில் எட்மன்டன், கால்கரி, வின்னிபெக் என மூன்று அணிகள் உண்டு. நடுவில் கிடக்கும் சஸ்காச்சுவானுக்கு ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த படிதான் வெஸ்டர்ன் லீக். 16 முதல் 20 வயது வரையிலான பையன்கள் ஆடுவது. பசிபிக் கரைவரை பரந்திருக்கும் இந்த லீக்கில் 2025-26 பருவத்தில் இருந்த 23 அணிகளில் 11 பிரெய்ரியில். அவற்றில் 5 சஸ்காச்சுவானில் மட்டும். அதற்கும் கீழே ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு ஜூனியர் 'ஏ' லீக். அதன் கீழே ஊருக்கு ஊர் அரங்கம், ஊருக்கு ஊர் அணி.

இனி விஷயத்துக்கு வருவோம். ஸ்விஃப்ட் கரன்ட், பிரின்ஸ் ஆல்பர்ட், மூஸ் ஜா மூன்றுக்கும் பொதுவானது, அவற்றுக்குத் தனி முதலாளி கிடையாது என்பது. ஊர்தான் உரிமையாளர். ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜையும் சேர்த்து இந்த லீக்கில் ஊர்ப் பொதுவில் நடக்கும் அணிகள் நான்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு உண்டு. ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கப்படும், நஷ்டம் என்றால் ஏன் என்று கேள்வி வரும். ஆட்டத்தின் நடுவே விற்கும் 50-50 சீட்டு (பாதித் தொகை அதிர்ஷ்டசாலிக்கு, பாதி நல்ல காரியத்துக்கு) இங்கே வேடிக்கை மட்டும் இல்லை, கணக்கில் வரும் பணம். வெளியூரிலிருந்து வரும் பதினாறு வயதுப் பையன் உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பக்கத்துப் பள்ளிக்குப் போகிறான். தன் வீட்டு மேஜையில் சாப்பிடும் பையன் கோல் அடிக்கும்போது அந்த அரங்கத்தில் எழும் சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

உணர்ச்சியால் மட்டும் கோப்பை வராது. ஜூனியர் ஹாக்கியில் ஒரு சுழற்சி இருக்கிறது. பையன்கள் 20 வயதில் வெளியேறியே ஆக வேண்டும். ஆகவே எந்த அணியும் நிரந்தரமாக வலுவாக இருக்க முடியாது. பொறுமையாகச் சிறுவர்களைச் சேர்த்து, நான்கு ஆண்டு வளர்த்து, அவர்கள் முதிரும் ஒரு பருவத்தில் வருங்கால டிராஃப்ட் உரிமைகளை (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) எல்லாம் கொடுத்து அனுபவசாலிகளை வாங்கி, எல்லாவற்றையும் பந்தயத்தில் வைப்பது. மூஸ் ஜா செய்தது அதைத்தான். ஆல்பர்ட்டாவின் குக்கிராமமான இர்மாவிலிருந்து வந்த ஜாகர் ஃபிர்கஸ், மானிட்டோபாவின் டொமினியன் சிட்டியைச் சேர்ந்த டென்டன் மாட்டெய்சுக், சாஸ்கட்டூனிலேயே பிறந்த பிரேடன் யேகர் என்று மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள் ஒரே அணியில் சேர்ந்து முதிர்ந்தார்கள். அந்தப் பருவத்தில் ஃபிர்கஸ் 63 ஆட்டங்களில் 61 கோல் அடித்தார். போதாது என்று பருவத்தின் நடுவில் தாக்குதல் வீரர் மாத்யூ சவாயையும் விலைகொடுத்துக் கொண்டுவந்தார்கள். பிளே-ஆஃபின் சிறந்த வீரர் விருது தடுப்பாட்டக்காரரான மாட்டெய்சுக்குக்குப் போனது. தடுப்பாட்டக்காரர் தாக்குதலை நடத்தும் அணி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்தத் தொடர் நல்ல பாடம்.

இந்தப் பந்தயத்துக்கு விலை உண்டு. ஸ்விஃப்ட் கரன்ட் 2018-இல் கோப்பை வென்றது. அடுத்த பருவமே அட்டவணையின் அடியில் கிடந்தது. தனி முதலாளி இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டு தயங்குவார் என்பது என் கணிப்பு. ஆண்டுதோறும் நடுத்தர இடம், பிளே-ஆஃபில் ஒரு சுற்று, கையைக் கடிக்காத வரவு என்றால் அவருக்குப் போதும். ஊருக்கு அப்படி இல்லை. 17,000 பேர் உள்ள ஊர் நான்கு ஆண்டு தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும், ஐந்தாவது ஆண்டு கோப்பை வருமென்றால். நிர்வாகிகள் மளிகைக் கடை வாசலில் பதில் சொல்ல வேண்டியவர்கள். அந்த அச்சமும் ஒரு உந்துவிசைதான்.

இந்தக் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மூடி மறைக்க வேண்டாம். கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளின் சாம்பியன்களும் போட்டியை நடத்தும் ஊர் அணியும் மோதுவது மெமோரியல் கோப்பை. அங்கே ஸ்விஃப்ட் கரன்ட்டும் சரி, பிரின்ஸ் ஆல்பர்ட்டும் சரி, ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் திரும்பின. மூஸ் ஜா அரையிறுதியில் நின்றுவிட்டது. மெடிசின் ஹாட் இறுதிவரை போய் ஒன்டாரியோவின் லண்டன் நைட்ஸிடம் தோற்றது. வெஸ்டர்ன் லீக் அணி ஒன்று மெமோரியல் கோப்பையை வென்று 2014-க்குப் பிறகு 2025 வரை நாம் பார்க்கவில்லை. அன்று வென்றது எட்மன்டன். தூரம் ஒரு காரணம். மானிட்டோபாவின் பிராண்டனிலிருந்து பசிபிக் தீவின் விக்டோரியாவரை நீளும் லீக்கில் 68 ஆட்டம், பிறகு நான்கு சுற்று பிளே-ஆஃப், எல்லாம் பெரும்பாலும் பேருந்தில். ஆனால் களைப்பை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. லண்டன் நைட்ஸ் போன்ற அணி ஒவ்வொரு ஆண்டும் வலுவாக வருகிறது. நம் சிற்றூர் அணி தன் ஒரே வாய்ப்பில், ஒரே வாரத்தில், அதைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

பெரிய நகரத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு, பெயர் கானர் பெடார்ட். ரெஜைனா பாட்ஸ் அணிக்காக 2022-23 பருவத்தில் 57 ஆட்டங்களில் 71 கோல், கோலுக்கு உதவியதையும் சேர்த்து மொத்தம் 143 புள்ளி. அவர் வருகிறார் என்றாலே பிரெய்ரி முழுக்க அரங்கங்கள் நிரம்பின. கால்கரியில் ஒரு ஜூனியர் ஆட்டத்துக்கு 17,000-க்கும் மேல் கூடியது. பாட்ஸ் 1917-இல் தொடங்கப்பட்ட, நான்கு மெமோரியல் கோப்பை கண்ட பழம்பெரும் அணி. ஆனால் பெடார்ட் இருந்த காலத்தில் அது ஒரு பிளே-ஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. 2023-இல் சாஸ்கட்டூனிடம் ஏழு ஆட்டத்தில் தோற்றது. பெடார்ட் அந்த ஏழு ஆட்டங்களில் 20 புள்ளி எடுத்தும். நுழைவுச்சீட்டை நட்சத்திரம் விற்றுக் கொடுக்கும், தொடரை ஜெயிக்க இரண்டாவது மூன்றாவது வரிசைகள் வேண்டும்.

சஸ்காச்சுவான் ஏன் ஜூனியர் அணிகளோடு நின்றுபோனது? ஒரு காலத்தில் உச்ச நிலை ஹாக்கியே இங்கே நடந்தது. 1921-இல் தொடங்கிய வெஸ்டர்ன் கனடா லீக்கில் கால்கரி, எட்மன்டன், ரெஜைனா, சாஸ்கட்டூன் நான்கும் ஆடின. 1926-இல் அது மூடப்பட்டபோது வீரர்கள் கிழக்கே விற்கப்பட்டார்கள். எட்மன்டனில் ஆடிய எடி ஷோர் பாஸ்டனுக்குப் போனார், சாஸ்கட்டூனின் பில் குக்கும் பன் குக்கும் நியூயார்க்குக்கு. அன்று தொடங்கிய ஏற்றுமதி கோதுமையைப் போல இன்றுவரை நிற்கவில்லை: விளைவது இங்கே, விலைபோவது வேறெங்கோ. சாஸ்கட்டூனை ஒட்டிய ஃபுளோரலில் 1928-இல் பிறந்த கோர்டி ஹோ, என்.எச்.எல்.லில் அடித்த 801 கோல்களில் பெரும்பாலானவற்றை டெட்ராய்ட்டுக்காக அடித்தார்.

இதை மாற்றப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். 1966-இல் இந்த ஜூனியர் லீக்கை உருவாக்கியவர்களில் முதன்மையானவரும், 1972-இல் எட்மன்டன் ஆயிலர்ஸ் தோன்றக் காரணமானவருமான பில் ஹன்டர். 1983-இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியை விலைபேசிச் சாஸ்கட்டூனுக்குக் கொண்டுவர முயன்றார். விற்பவர் தயார், வாங்குபவர் தயார். என்.எச்.எல். நிர்வாகிகள் 15-க்கு 3 என்று வாக்களித்து மறுத்தார்கள். சின்னச் சந்தை என்பது காரணம். கோபித்துக்கொண்ட புளூஸ் முதலாளி அந்த ஆண்டு டிராஃப்டுக்கே ஆள் அனுப்பவில்லை! மறுப்பு முழுக்க அநியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. வின்னிபெக் 1996-இல் தன் ஜெட்ஸ் அணியை இழந்தது, 2011-இல்தான் அட்லான்டா அணி வழியாக அந்தப் பெயரை மீட்டது. அந்த ஆண்டு சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்த 13,000 பருவச் சீட்டுகள் 2024 வாக்கில் 9,500 ஆகச் சுருங்கின. அடுத்த பருவமே ஜெட்ஸ் 116 புள்ளியோடு லீக்கில் முதலிடம் பிடித்தது என்பது வேறு விஷயம்.

ஊர் அணி என்றால் எல்லாம் நல்லதென்று எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். 1986 டிசம்பர் 30 அன்று ஸ்விஃப்ட் கரன்ட் அணியின் பேருந்து விபத்தில் நான்கு வீரர்கள் இறந்தார்கள். மூன்றே ஆண்டில், 1989-இல், அதே அணி சாஸ்கட்டூனின் அரங்கத்தில் சாஸ்கட்டூனையே கூடுதல் நேரத்தில் வென்று மெமோரியல் கோப்பை எடுத்தது. இந்த மீட்சியை ஊர்கள் கதை கதையாகச் சொல்லிவந்தன. பின்னர்தான் தெரிந்தது, அந்த அணியின் பயிற்சியாளர் கிரஹாம் ஜேம்ஸ் தன் வீரர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிக்கொண்டிருந்தார் என்று. அந்த வீரர்களில் ஒருவரான ஷெல்டன் கென்னடி துணிந்து பேசியதால் 1997-இல் ஜேம்ஸ் தண்டிக்கப்பட்டார். ஊரே நம்பும் பயிற்சியாளரைப் பற்றி வீட்டை விட்டு வந்த சிறுவன் யாரிடம் புகார் சொல்வான்? இந்த அமைப்பின் பலமான நெருக்கமே அன்று அதன் குற்றத்துக்கும் திரையாக இருந்தது.

பேருந்துச் சாவும் 1986-ஓடு முடியவில்லை. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானின் ஹம்போல்ட் பிரான்கோஸ் என்ற ஜூனியர் 'ஏ' அணியின் பேருந்தும் ஒரு லாரியும் மோதி 16 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க வீட்டு வாசலில் ஹாக்கி மட்டையைச் சாய்த்துவைத்து அஞ்சலி செய்தார்கள். பிரெய்ரி மாகாணங்களில் கனரக வாகன ஓட்டுநர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது இந்த ஊர்களுக்கு வந்திருக்கும் சோதனை அமெரிக்கக் கல்லூரிகளிடமிருந்து. வெஸ்டர்ன் லீக்கில் ஆடியவர் தொழில்முறை வீரராகக் கருதப்பட்டதால், அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்கு அவர் போக முடியாத நிலை வெகுகாலம் இருந்தது. 2024 நவம்பரில் அந்தக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அந்தத் தடையை நீக்கியது. 2025 ஆகஸ்ட் முதல் அமல். மெடிசின் ஹாட்டின் கேவின் மெக்கென்னா, 56 ஆட்டங்களில் 129 புள்ளி எடுத்து லீக் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தவர், உடனே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். நான்கு ஆண்டு வளர்த்து ஐந்தாவது ஆண்டில் அறுவடை செய்யும் கணக்கு, அந்த ஐந்தாவது ஆண்டில் பையன் இருப்பான் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது.

ஆனால் எல்லோரும் மெக்கென்னாவைப் பற்றி எழுதுகிறார்கள். பெரிய அடி விழப்போவது ஒரு படி கீழே. கால்கரியில் பிறந்த கேல் மகார், வெஸ்டர்ன் லீக்கைத் தவிர்த்து ஆல்பர்ட்டாவின் புரூக்ஸ் என்ற சிற்றூரில் ஜூனியர் 'ஏ' ஆடி, அமெரிக்கக் கல்லூரி வழியாக என்.எச்.எல். உச்சத்துக்குப் போனார். ஜூனியர் 'ஏ' ஊர்கள் தந்த ஒரே பெரிய ஆசைவார்த்தை அந்தக் கல்லூரி வழிதான். இப்போது வெஸ்டர்ன் லீக்கும் கல்லூரி வழியும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது, திறமையான பதினாறு வயதுப் பையன் எதற்குப் புரூக்ஸுக்கோ ஹம்போல்ட்டுக்கோ ஃபிளின் ஃபிளானுக்கோ வர வேண்டும்? ஆல்பர்ட்டா ஜூனியர் லீக் ஏற்கெனவே 2024 தொடக்கத்தில் புரூக்ஸ் உள்ளிட்ட ஐந்து அணிகளை பிரிட்டிஷ் கொலம்பியா லீக்கிடம் பறிகொடுத்திருக்கிறது.

மூஸ் ஜாவும் பிரின்ஸ் ஆல்பர்ட்டும் தாக்குப்பிடிக்கும் என்பது என் தீர்ப்பு. பத்தொன்பது வயதில் ஒருவனை இழந்தாலும் பதினாறு வயதில் இருவரைப் பெறுவார்கள். ஆபத்தில் இருப்பது அவர்களுக்குக் கீழே உள்ள பத்தாயிரம், ஐயாயிரம் பேர் ஊர்கள். தம் வீரர்களை வாரிக்கொள்ளும் அணிகளிடமிருந்து அந்த ஊர்களுக்கு வளர்ப்புத் தொகை வர ஒரு விதியை, நாட்டின் ஹாக்கி நிர்வாக அமைப்பான ஹாக்கி கனடா இன்னும் இரண்டு மூன்று பருவத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒருமுறை மூடிய ஊர் அரங்கத்தைத் திரும்பத் திறப்பது லேசான காரியம் அல்ல.