அளவுகோலாக நின்ற அன்பு

தமிழ் இலக்கியம் தாயன்பைப் போற்றிய அளவிற்குப் பிறிதோர் அன்பைப் போற்றவில்லை என மேடைதோறும் கூறப்படுகின்றது. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், பிறந்து சின்னாட்களே ஆன பச்சிளங் குழவியின்பால் அதனைப் பெற்றோர் கொள்ளும் அன்பு எங்கே, எவ்வாறு பேசப்படுகின்றது எனத் தேடுவார்க்கு வியப்பே மிஞ்சும்.

முதலில் திருக்குறளைக் காண்போம். 'மக்கட்பேறு' என இன்று வழங்கும் அதிகாரத்திற்குப் பரிமேலழகர் கொண்ட பெயர் 'புதல்வரைப் பெறுதல்' என்பதாகும். தலைப்புப் பெறுதலைச் சுட்டினும், அங்குக் காட்சி தருவது கூழைக் கையால் அளாவி, மழலை பேசும் பருவத்துக் குழந்தையே. புறநானூற்றின் 188 ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி காட்டும் குழந்தையும் குறுநடை பயின்று, நெய்ச்சோற்றை மேனியெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையே. நடக்கவும் பேசவும் அறியாக் கைக்குழந்தைக்கு நேராகப் பொருந்துவது, மக்களின் மெய்யைத் தீண்டுதல் உடற்கு இன்பம் எனக் கூறும் 65 ஆம் குறளின் முற்பகுதி ஒன்றே எனலாம்.

இனி, பெற்ற நாளின் மகிழ்ச்சியையே நேராகச் சுட்டும் இடங்களும் உள. மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக் கேட்ட தாய், அவனைப் பெற்ற நாளினும் மிகுதியாக மகிழ்வாள் என்கிறது 69 ஆம் குறள். போர்க்களத்தில் வெட்டுண்டு கிடந்த மகனைக் கண்ட முதியவளின் மகிழ்ச்சியைப் பாடும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் (புறம். 278) அதே ஒப்பீட்டைக் கையாளுகின்றார். பூங்கண் உத்திரையாரின் பாட்டும் (புறம். 277) அவ்வாறே. இம்மூன்றிலும் மகப்பேற்றின் மகிழ்ச்சி ஓர் அளவுகோலாகவே நிற்கின்றது. அதனைக் கொண்டு அறிவின் பெருமையும் வீரத்தின் பெருமையும் அளக்கப்படுகின்றன. அளவுகோல் மட்டும் அளக்கப்படவில்லை.

எல்லாரும் அறிந்த ஒன்றை விளக்குதல் வேண்டா எனப் புலவர் கருதினர் போலும் என்று விடை கூறுவாரும் உளர். அவ்விடை நிறைவு தருவதாயில்லை. காதலும் எல்லாரும் அறிந்ததே. அதன் ஒவ்வொரு நிலைக்கும் திணையும் துறையும் வகுத்துப் பாடியவர் நம் முன்னோர். பச்சைக் குழந்தையைச் சூழ்ந்த வாழ்வு பெண்டிரின் உள்வீட்டு வாழ்வாக இருந்தமையால் அவைக்களப் புலமை அதனை எட்டவில்லை எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

அந்த உள்வீட்டுக் கதவைத் திறந்தவர் பெரியாழ்வார். அவர்தம் திருமொழியின் முதற் பதிகத்தில், கண்ணன் பிறந்த ஆய்ப்பாடியில் எண்ணெயும் சுண்ணமும் தூவிய முற்றம் சேறாகின்றது. ஆயர் ஓடுகின்றனர், விழுகின்றனர். அடுத்து ஆரவாரம் அடங்கிய வீட்டிற்குள் தாய் காணப்படுகின்றாள். மஞ்சள் பூசி நீராட்டிக் குழந்தையின் நாவை வழிக்கும்போது, அது திறந்த வாயினுள் ஏழுலகையும் காண்கின்றாள். அதே பதிகத்தில் அவள் மற்றொருத்தியிடம் முறையிடவும் செய்கின்றாள்: கிடத்தினால் தொட்டில் கிழியுமாறு உதைக்கின்றான், எடுத்தால் இடுப்பை ஒடிக்கின்றான், அணைத்தால் வயிற்றில் பாய்கின்றான், தானோ மெலிந்து போனாள். வியப்பும் களைப்பும் ஒருங்கே அமைந்த இந்நிலையே புதிதாய்ப் பெற்றவளின் உண்மை நிலை. களைப்பைச் சொல்லாது விட்டிருப்பின் அவ்வன்பு வெறும் துதியாகவே நின்றிருக்கும்.

12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடிய பிள்ளைத்தமிழ் முதலாகப் பெருகிய அவ்விலக்கிய வகை, காப்புப் பருவத்தோடு தொடங்குகின்றது. தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைத்துக் குழந்தையைக் காக்குமாறு வேண்டுவது அப்பருவம். இவ்வேண்டுதலின் அடியில் இருப்பது அச்சம். உறங்கும் குழந்தையின் மூச்சை நள்ளிரவில் குனிந்து கேட்கும் தாய் தந்தையர் அவ்வச்சத்தை அறிவர். எனினும் பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்கள் பலவற்றில் தலைவனின் புகழ் மிகுந்து, குழந்தை மறைந்துவிடுகின்றது. இது அவ்வகையின் குறையே.

ஏட்டிலக்கியம் விட்ட இடத்தை நிரப்பியது தாலாட்டு. அடித்தது யார் என வினவி, மாமன் கொணரும் சீர்வரிசையை அடுக்கிப் பாடுவது அதன் மரபு. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில், பாட்டில் வரும் மாமன் கடலுக்கு அப்பால் ஊரிலேயே தங்கிவிட்டவன். விடியுமுன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பெரட்டுக்கு விரைந்த தாய், மாலையில் அதே பாட்டைப் பாடினாள் எனின், அது குழந்தையை உறங்க வைத்ததோடு, அருகில் இல்லாத சுற்றத்தைத் தொட்டிலருகே அழைத்து நிறுத்தியது. சொல் பழையதாயினும் பொருள் புதியதாயிற்று.

வகுப்பறையில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் தேர்வுக்குரிய பட்டியலாகவே பெரிதும் மனனம் செய்யப்படுகின்றன. செங்கீரை என்பது தவழத் தொடங்கும் குழந்தையின் உடலசைவு; சப்பாணி என்பது கை கொட்டும் மகிழ்ச்சி. வீட்டிலுள்ள தம்பி தங்கையை உற்றுநோக்கி வருமாறு மாணவரைப் பணித்தபின் பாடலைக் கற்பித்தால், பட்டியல் உயிர் பெறும். பாட்டிமார் நினைவில் எஞ்சியுள்ள தாலாட்டுகளை மாணவரைக் கொண்டு எழுதி வைத்தலும் ஆசிரியர்க்கு இயலும் செயலே. அவற்றைப் பாடுவோர் குறைந்து வருகின்றனர்; நாளை எனக் காலந் தாழ்த்துவதற்கு இடமில்லை.