கருநிறப் பீரின் குலமும் குணமும்

பீர் என்ற மாத்திரத்தில் பொன்னிறமும் பனிக்குளிர்ச்சியுமே நினைவுக்கு வரும் நம்மவருக்கு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலும் ஊடுருவிப் பார்க்கவொட்டாமல் இருண்டு நிற்கும் ஸ்டவுட் முதற் பார்வையில் ஏதோ கஷாயமாகவே தோன்றும். ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சம்பிரதாயமும், தேசந்தோறும் பிரிந்த கிளைகளும், குணதோஷங்களை நிறுக்கும் பிரமாணங்களும் அதற்கு உண்டு. அக்கிளைகளுள் ஒன்று கடலுக்கு அப்பால், நம் அண்டையான இலங்கையிலேயே தழைத்திருந்தும் அதற்குரிய மதிப்பை நாம் அளிக்கவில்லை என்ற குறையே என்னை இதை எழுதத் தூண்டியது.

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமைதூக்குவோர் விரும்பி அருந்தியதால் போர்ட்டர் எனப் பெயர்பெற்ற பீரில், வலிமை மிகுந்ததை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். அந்நகரின் சதர்க் பகுதியில் திரேல் என்பாரின் பெயரால் வழங்கிய ஆங்கர் பீர் ஆலையில் ரஷ்யச் சக்கரவர்த்தினிக்கென்றே காய்ச்சப்பட்ட போர்ட்டரைத் தாம் பருகிய செய்தியை 1796-இல் ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஸ்டவுட்டுக்கு வழங்கும் ‘இம்பீரியல்’ என்னும் அடைமொழி அந்த அரசவைச் சம்பந்தத்தால் வந்தது. 1817-இல் டானியல் வீலர், முளைகட்டிய பார்லியை உருளையிலிட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே இன்றைய கருமை எளிதில் கைகூடிற்று.

இந்த மூலத்தினின்று பிரிந்தவற்றுள் ஆங்கில மரபு, நெடுநாள் முதிர்ந்து உலர்பழ மணமும் இலேசான புளிப்பும் பெறுவது. லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் ஆலையார் 9 சதவீத வலிமையில் அதை மீட்டுக் காய்ச்சினார்கள். பால்டிக் கடற்கரையோர் குளிரில் மெல்லப் புளிக்கவைத்து வழுவழுப்பான போர்ட்டரை உண்டாக்கினர். அமெரிக்கரோ ஹாப்ஸ் பூவின் கசப்பைத் தாராளமாக ஏற்றி, சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையைப்போல் பர்பன் விஸ்கி இருந்த மரப்பீப்பாயில் ஊறப்போட்டு, வேறொரு பிரபந்தமே படைத்துவிட்டார்கள். பீப்பாயின் வாசனை மால்ட்டை (முளைகட்டிய பார்லியை) மூடிவிடுமளவுக்கு அவர்களிற் சிலர் போவது எனக்கு உவப்பன்று.

தரம் காண்பதற்கு, பி.ஜே.சி.பி. எனப்படும் அமெரிக்க நடுவர் அமைப்பின் விதிகள் பலராலும் கைக்கொள்ளப்படுகின்றன. மொத்தம் 50 மதிப்பெண்ணில் மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10; தோற்றத்துக்கு வெறும் 3. நம்மைத் திகைக்கவைக்கும் அக்கருமையின் விலை இவ்வளவே என்பதை, கறுப்பாயிருப்பதெல்லாம் உயர்ந்தது என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டும்.

சென்னையை அடுத்த பொத்தேரியின் வெயிலில் ஸ்டவுட்டைச் சோதிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியைச் சற்றுநேரம் மேசையில் வைத்தாலே, மணம் விரியத் தக்க 12, 13 பாகை செல்சியஸுக்கு அது வந்துவிடுகிறது. நாவை மரக்கவைக்கும் குளிரில் குணமும் தெரியாது, குற்றமும் தெரியாது. வயிறு அகன்ற கிண்ணத்தில் மூன்றிலொரு பங்கு ஊற்றி, முதலில் மூக்குக்கும் பின்னரே நாக்குக்கும் வேலை கொடுக்க வேண்டும். வறுவல் மணம் பதமாக வறுத்த காப்பிக்கொட்டையின் முதல் டிகாக்ஷனைப்போல் இருக்கலாம். அடிப்பிடித்த பாலின் காந்தலாக இருக்கலாகாது. இனிப்பு கருப்பட்டிப் பாகையும் பேரீச்சம்பழத்தையும் நினைப்பூட்டலாம்; விழுங்கிய பிறகும் நாவில் பிசுபிசுத்து நிற்பின் அது தோஷம். மதுவின் சூடு நெஞ்சில் பரவவேண்டுமேயன்றித் தொண்டையை எரிக்கக் கூடாது. நனைந்த அட்டையின் நாற்றமும், மடிந்த ஈஸ்ட்டிலிருந்து எழும் சோயா சாற்று நெடியும் எந்த மரபிலும் மன்னிக்கப்படாதவை.

இனி, இலங்கையின் லயன் ஸ்டவுட். சுமார் 6,000 அடி உயரத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நுவரெலியாவில் 1881-இல் நிறுவப்பட்ட ஆலையின் வழிவந்த இது, இப்போது கொழும்பை அடுத்த பியகமவில் தயாராகிறது. வலிமை 8.8 சதவீதம். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பீர் எழுத்தாளர் (பாடகர் வேறு) இதைப் போற்றி எழுதியதால் மேல்நாட்டு ரசிகரிடையே பேர் பரவிற்று. மேற்சொன்ன அமைப்பினர் 2015-இல் உஷ்ணதேச ஸ்டவுட் என்று ஒரு தனி வகையை வகுத்து, ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டோடு இதனையும் உதாரணமாகக் காட்டினர். அவ்வகையின் இலக்கணம் மிகுந்த இனிப்பு, பழவாசனை, அடங்கிய கசப்பு. வலிமையின் மேல்வரம்போ 8 சதவீதம். ஆகவே லயன் ஸ்டவுட் பலத்தால் இம்பீரியல் எல்லைக்குள் நுழைந்து, சுபாவத்தால் உஷ்ணதேசக் குலத்திலேயே நிற்கிறது. இம்பீரியலுக்கு விதித்த 50 முதல் 90 அலகு வரையிலான கசப்பை அதனிடம் தேடிக் காணாமல் மதிப்பெண்ணைக் குறைப்பவர், கருப்பட்டிக் காப்பியில் சீனியின் ருசி இல்லையே என்று குறைப்படுபவரே ஆவர்.

லண்டன் மரபின் முதிர்ச்சிக்கு நான் முதலிடம் தருவேன். ஆனால் உஷ்ணதேச ஸ்டவுட்டை அதன் சொந்த இலக்கணத்தால் நிறுத்தினால், நான் சுவைத்தவற்றுள் லயன் ஸ்டவுட்டுக்கு மேற்பட்ட ஒன்று இல்லை.